டர்போ சத்தம் கேட்கும் நாள்

புக்கிட் பெலண்டோக்
3.3.2025

அக்கா,

நீ வேலை பார்க்கிற மெஹர்பானு அக்காவின் சாப்பாட்டுக்கடை முகவரிக்கு எழுதச் சொல்லி நீ அனுப்பிய சேதி கிடைத்தது. உன் போனைப் பிடுங்கித் தன் லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினானாமே உன் புருஷன். கடைக்கே வந்து, இவளுக்கு யாராவது போன் கொடுத்தால் கல்லாவைக் கவிழ்த்துவிடுவேன் என்று கத்தினானாம். சரி, போன் இல்லாவிட்டால் என்ன. பள்ளிக்கூடத்தோடு எழுதுவதை விட்டவன் நான். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

ஷாமினியின் காதுகுத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயசில் குத்தினாலும், தாய்மாமன் என்று என் மடியில் அவளை உட்காரவைத்தீர்கள். பிள்ளை ஒரு சொட்டு ரத்தத்துக்கு அழுது முடிக்கவில்லை, பந்தியில் கறி பற்றாமல் போயிற்று என்று உன் புருஷன் அர்ச்சுனன் எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தான். உன் காதிலிருந்தும் ரத்தம் வந்தது. மகளுக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில் காதில் ரத்தம். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் லாரியிலிருந்து செம்பனைக் குலை குத்தி ஏற்றும் இரும்புக் கம்பியை எடுத்துவந்து என் கார்க் கண்ணாடியை உடைத்தான். இவ்வளவும் எனக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகும் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் லாரியில் ஏறிப் போனாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காது இப்போது கேட்கிறதா?

கண்ணாடியை மாற்றிவிட்டேன். மாற்றியதோடு நிற்கவில்லை. அப்பா விட்டுப்போன கிழட்டு கஞ்சில் கார் என்று நீ கேலி செய்வாயே, அது இப்போது கிழடு இல்லை. ஜப்பானில் காரைப் பாதியாக அறுத்து முன்பக்கத்தை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அதிலிருந்து எடுத்த டர்போ எஞ்சினைச் சந்திரன் அண்ணன் தன் பட்டறையில் வைத்து இதில் உட்காரவைத்தார். எஞ்சின் அதே சின்ன எஞ்சின்தான். ஆனால் வெளியே போகிற புகையே ஒரு விசிறியைச் சுற்ற, அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். மிதித்தால் முதலில் ஒரு மூச்சு யோசிக்கும், அப்புறம் முதுகை சீட்டோடு ஒட்டவைத்துவிடும். லிங்கி மேட்டில் பெரிய கார்களெல்லாம் ஒதுங்கி வழிவிடுகின்றன. செனவாங் தொழிற்சாலைக்குத் தினமும் இதில்தான் போய் வருகிறேன்.

போன வாரம் ஒரு வால்வு மாட்டினேன். மிதித்த காலை எடுத்ததும் மிச்சக் காற்றை வெளியே துப்பும். குக்கர் சீறுமே, அதைப்போலப் பத்து மடங்கு. இந்தப் பக்கத்தில் இந்தச் சத்தம் வேறு எந்த வண்டிக்கும் இல்லை.

இனி வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்ததும் தம்பினுக்கு வந்து, உங்கள் செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஏறி, உன் வீட்டு வழியாகப் போவேன். இறங்க மாட்டேன், சண்டை போட மாட்டேன். சத்தம் மட்டும் கொடுப்பேன். நீ உள்ளே இருந்து கேள். அவனும் கேட்கட்டும். தம்பி பக்கத்தில்தான் இருக்கிறான் என்று தெரிந்தால் கை ஓங்குகிறவன் யோசிப்பான்.

சீலன்


தம்பின்
12.3.2025

தம்பி சத்தியசீலனுக்கு,

காது கேட்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தொழிற்சாலைக் கேண்டீனில் தினமும் மீ கோரேங் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்.

உன் கார் மூன்று தரம் போனது கேட்டது. நன்றாகவே கேட்டது. வராதே. தோட்டத்து ரோடு முழுக்கக் குழி, உன் வண்டியோ தரையைத் தடவிக்கொண்டு போகிறது. எஞ்சினை மாற்றிய வண்டி என்று வழியில் போலீஸ் பிடித்தால் வண்டியையே எடுத்துப்போய்விடுவார்கள், அப்புறம் வேலைக்கு நடந்துதான் போவாய். உனக்கு ஒரு பெண் பார்க்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சத்தத்தில் எந்தப் பெண் ஏறி உட்காருவாள்? சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். உன் தலைக்குள் இருப்பதெல்லாம் அந்தப் புகைக்குழாய் வழியாக வருகிறது.

முதல் நாள் ஷாமினி, மாமா கார் மாமா கார் என்று ஜன்னலுக்கு ஓடினாள். இப்போதெல்லாம் மேட்டில் சத்தம் கேட்டதும் அவளைப் பக்கத்து வீட்டு அக்கா பஞ்சாலையிடம் அனுப்பிவிடுகிறேன். ஏன் என்று கேட்காதே.

கையில் டம்ளர் உடைந்து குத்திவிட்டது. அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. கடையில் வெங்காயம் உரிக்க மெஹர்பானு அக்கா என்னை விடவில்லை, சும்மா உட்காரச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி.

நான் எப்படியோ இருந்துகொள்கிறேன். வீட்டை விட்டுப் போனால் பிள்ளை இங்கேதான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார். அதனால் நான் எங்கும் வருவதற்கில்லை. நீயும் இந்தப் பக்கம் வராதே. அக்கா சொல்வதை ஒரு தரமாவது கேள்.

மோகனா


புக்கிட் பெலண்டோக்
30.3.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. கோபம். ரோட்டில் குழி, போலீஸ், பெண் பார்ப்பது என்று எதையெதையோ சொல்கிறாய். தம்பி வருவது உனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். வேண்டாம் என்றால் நின்றுவிடுவேனா? உன்னைக் கட்டிக்கொடுத்த அப்பா இப்போது உயிரோடு இல்லை. நான் வராமல் வேறு யார் வருவது?

வண்டிக்கு ஒன்றும் ஆகாது. நான் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். காலையில் சூடேறும் வரை மிதிப்பதில்லை. வந்து நிறுத்தினால் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகுதான் சாவியை எடுப்பேன். வேலை நாளில் சிரம்பான் நெரிசலில் சூடு ஏறினால் ஏர்கானை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டு வேர்க்க வேர்க்கப் போகிறேன். மழையில் டயர் வழுக்கும், அதற்கும் பழகிவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சோற்று டப்பா மாதிரி இருக்கிற காருக்கு இவ்வளவு உபசாரமா என்று. சிரிக்கட்டும்.

இப்போது கேள். போன செவ்வாய் பகலில் எனக்கு ஓய்வு. ரெம்பாவ் பக்கம் வரும்போது முன்னால் அவன் லாரி, குலை ஏற்றி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்திரன் அண்ணன் புதிதாக ஒன்று செய்து கொடுத்திருந்தார். மீன்தொட்டிக்குக் காற்றுப் போகும் குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்குமே, அதை டர்போவின் ரப்பர் குழாயில் மாட்டினால் போதும். திறக்கத் திறக்க அழுத்தம் கூடும். அதைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தேன். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனேன், பக்கத்தில் ஏறினேன், அவன் ஜன்னலுக்கு நேராகக் காலை எடுத்துச் சீறவிட்டேன். விலகினேன். மறுபடி பக்கத்தில் போனேன், மறுபடி சீறவிட்டேன். தம்பின் வரைக்கும் அவனை விடவில்லை.

சிவப்பு விளக்கில் அவன் அந்தக் கம்பியை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தான். என் கதவில் குத்தி நின்றது. நான் இறங்கி, அதைப் பிடுங்கி, அவன் பார்க்கச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சிரித்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது அக்கா. அதைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே என்றிருந்தது.

இனி பார், வீட்டில் பூனை மாதிரி இருப்பான்.

சீலன்


தம்பின்
8.4.2025

சீலா,

வலது கையில் இரண்டு விரல் ஒடிந்து கட்டுப்போட்டிருக்கிறது. மீதி விரல்களில் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். ஒரு நாளில் முடியவில்லை, கடைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

பூனை மாதிரி இருப்பான் என்று எழுதியிருந்தாய். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கு வந்து என்ன செய்தான் என்று சொல்கிறேன். இனி அவனை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முகம் கழுவினான். பிறகு என் கையைச் சமையல்கட்டு மேடைமேல் விரித்து வைக்கச் சொன்னான். நான் வைக்கவில்லை. அவனே வைத்தான். அம்மிக் குழவியை எடுத்தான். அடித்துக்கொண்டே, "தம்பி என் கம்பிய சாக்கடையில போட்டுட்டான். அதுக்கு அக்காதானே கணக்குச் சொல்லணும்?" என்றான். சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சொன்னால் உன் மனசு தாங்காது என்று நினைத்தேன். உன் மனசைத் தாங்கித் தாங்கி என் எலும்பு போகிறது. அதனால் சொல்கிறேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எனக்கு மணியோசை உன் கார். நீ மேட்டுக்குக் கீழே கியர் மாற்றும்போதே எனக்குக் கேட்டுவிடும். அவனுக்கும் கேட்கும். டிவியை அணைப்பான். "வந்துட்டான்டி உன் காவக்காரன்" என்பான். நீ வீட்டைத் தாண்டும்போது ஒரு சீறல் கொடுப்பாயே, அதுவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருப்பான். அந்தச் சத்தம் தேய்ந்து பெரிய ரோட்டில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பான். நீ திரும்பி வரமாட்டாய் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள்கூட நீ திரும்பி வந்ததில்லை.

நீ வராத நாட்களில் அவன் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். எப்போதாவது ஒரு அறை விழும், அவ்வளவுதான். நீ வந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. முதல் தரம் பெல்ட். டம்ளர் உடைந்தது என்று எழுதினேனே, அது என் கையில் அவன் உடைத்த டம்ளர். பிள்ளையை ஏன் பஞ்சாலை அக்காவிடம் அனுப்புகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். முதல் நாள் ஜன்னலுக்கு ஓடி உனக்குக் கை காட்டியவள், இப்போது அந்தச் சத்தம் கேட்டால் செருப்புக்கூடப் போடாமல் பின்வாசலால் ஓடுகிறாள்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வேண்டாம் என்று நான் சொன்னபோது ஏன் என்று கேட்டிருந்தால், அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. இன்னொரு திருகைத் திறந்தாய்.

அந்த வால்வைக் கழற்றிப் போடு. இந்த ரோட்டுக்கு வராதே. எனக்கு நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எப்படி வெளியே வருவது என்று நானும் மெஹர்பானு அக்காவும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கொஞ்ச நாள் வேண்டும். அந்த நாட்களை எனக்குக் கொடு.

மோகனா


புக்கிட் பெலண்டோக்
15.4.2025

அக்கா,

உன் கடிதத்தைச் சந்திரன் அண்ணன் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கையில் இருந்த ஸ்பேனரால் அந்த வால்வை அடித்தேன். அது நசுங்கிக் கீழே விழுந்த பிறகும் அடித்தேன். அண்ணன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு குத்து விட்டேன். அவர் திருப்பி அடிக்கவில்லை, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கொடு என்கிறாய். உன்னிடம் மீதி எத்தனை விரல் இருக்கிறது?

இப்போது வண்டி சத்தமே போடாது. காற்றை வெளியே துப்பாமல் திரும்பக் குழாய்க்குள்ளேயே விட்டாயிற்று. பழைய புகைக்குழாயை மாட்டியாயிற்று. பார்க்கிறவனுக்கு அப்பா ஓட்டிய அதே கஞ்சில்தான். மீன்தொட்டித் திருகை மட்டும் முழுக்கத் திறந்துவிட்டேன். இந்த அழுத்தத்தில் எஞ்சின் அதிக நாள் தாங்காது. அதிக நாள் தேவையில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் முதல் லோடு ஏற்றி ஆலைக்குப் போவான். தோட்டத்து ரோடு ஓர் இடத்தில் இறக்கமாக வளையும், இடது பக்கம் பள்ளம். குலை நிறைந்த லாரி இறக்கத்தில் வரும்போது பின்னாலிருந்து ஏறி அதற்குக் குறுக்கே விழுந்து பிரேக் அடித்தால் அது நிற்காது. ஒன்று என்மேல் ஏறும், இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும். எப்படியானாலும் எனக்குச் சம்மதம். இந்தத் தரம் நான் திரும்பி வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

போனை அணைத்துவிட்டேன். யாராவது கூப்பிட்டு நல்ல வார்த்தை சொன்னால் என் மனசு மாறிவிடும் என்று பயம். வேலைக்கும் போகவில்லை. வண்டியிலேயே தூங்குகிறேன்.

ஷாமினியைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன் என்று சொல். பெரியவளானதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்.

உன் தம்பி
சீலன்


தம்பின்
18.4.2025, வெள்ளிக்கிழமை

சீலா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது.

லாரியில் ஷாமினி இருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவன் பிள்ளையை என்னிடம் விடுவதில்லை. பள்ளி விட்டதும் அவனே போய் ஏற்றிக்கொள்கிறான். சனிக்கிழமை விடிந்ததும் எழுப்பி முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போகிறான். அவள் பக்கத்தில் இருந்தால் நீ ஒன்றும் செய்யமாட்டாய் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தான். இதைப் போன கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். கை வலியில் விட்டுவிட்டேன். பாவி நான்.

நாளைக்கும் அவள் அந்த லாரியில்தான் இருப்பாள். மெஹர்பானு அக்கா எனக்காகத் திரும்பத் திரும்ப உன் போனுக்கு அடிக்கிறார். அணைந்தே கிடக்கிறது. அவர் வீட்டுக்காரர் ஹாஜா மைதீன் அண்ணன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிற்கிறார், இதைச் சந்திரன் அண்ணன் பட்டறையில் கொண்டுவந்து கொடுக்க. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் என்னை அழைத்துப்போக வந்துவிடுவான். நாளைக்குப் பிள்ளையை லாரியில் ஏற்றாதே என்று நான் சொன்னால் அவன் கட்டாயம் ஏற்றுவான்.

வேண்டாம்டா. என் பிள்ளை இருக்கிறாள். உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் அதில் இருக்கிறாள். வேண்டாம்.

அக்கா


சிரம்பான், மருத்துவமனை
2.5.2025

அக்கா,

தாடையில் கம்பி போட்டிருப்பதால் பேச வரவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இடது கை, மூன்று விலா எலும்பு, ஒரு கால், இவ்வளவும் போயிற்று. நீ ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. சந்திரன் அண்ணன்தான் வருகிறார், நான் குத்திய கறை இன்னும் கண்ணுக்குக் கீழே அப்படியே இருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஹாஜா மைதீன் அண்ணன் பட்டறைக்கு வந்தபோது நான் வண்டியோடு தோட்டத்துச் செம்பனைக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். யாருக்கும் நான் இருந்த இடம் தெரியாது.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். லாரி வந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்னாலேயே போனேன். இறக்கம் தொடங்கியதும் மிதித்தேன். அக்கா, அந்த வண்டி அன்றைக்கு ஓடிய மாதிரி ஒரு நாளும் ஓடியதில்லை. லாரியின் பின்சக்கரத்தைத் தாண்டினேன், கதவுக்கு நேராக வந்தேன். இன்னும் கொஞ்சம் போய்க் குறுக்கே விழ வேண்டும். அவன் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினேன். அவனைத் தாண்டி இரட்டைச் சடை தெரிந்தது. என் காரைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கை காட்டினாள்.

நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். ஈர ரோட்டில், அந்த வேகத்தில், டயர் என்ன செய்யும். கார் சுற்றிக்கொண்டு போய்ச் செம்பனை மரத்தில் மோதியது. பாதி மயக்கத்தில் இருந்தேன். அவன் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஜன்னல் வழியாக என்னை வெளியே இழுத்தான். புதுக் கம்பி வைத்திருந்தான். முதல் அடி காலில். பிறகு எண்ணவில்லை. ஷாமினி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதைத்துத் தள்ளினான், அவள் சாக்கடை ஓரம் விழுந்தாள். குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பையன்கள் ஓடிவந்துதான் அவனைப் பிடித்து இழுத்தார்கள். பின்னால் வந்த ஒரு வாத்தியார் காரில் கேமரா இருந்திருக்கிறது. எல்லாம் அதில் விழுந்துவிட்டது.

போலீஸ் என்னிடம் கேட்டார்கள். லாரியை முந்தப் போனேன், ரோடு வழுக்கிவிட்டது என்று எழுதிக் காட்டினேன்.

அவன் இப்போது உள்ளே. ஜாமீன் இல்லையாம். முடிந்தது அக்கா. அடி வாங்கியது நானாக இருந்தாலும் உன்னை வெளியே கொண்டுவந்துவிட்டேன், இல்லையா? புக்கிட் பெலண்டோக் வீட்டைக் கூட்டிவைக்கச் சந்திரன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளையோடு நேராக அங்கே போய்விடு.

இன்னொரு நல்ல சேதி. அண்ணன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாராம். உடம்புதான் போயிற்று, டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். வேறு ஒரு கஞ்சில் உடம்பு கிடைத்தால் ஏற்றிவிடலாம். திருகெல்லாம் வேண்டாம், அளவாக வைத்துக்கொள்கிறேன். ஷாமினியைத் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போக வசதியாக இருக்கும். மாமா காரில் போக அவளுக்கு ஆசைதானே. அன்றைக்கும் பார்த்ததும் கை காட்டினாளே.

சீலன்


சுவா
14.5.2025

தம்பி,

நான் வந்தேன். இரண்டாம் நாளே வந்தேன். நீ மயக்கத்தில் இருந்தாய். உன் முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. கால்மாட்டில் நின்று அழுதுவிட்டு, நர்ஸிடம் உன் உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பிவிட்டேன். நீ என் தம்பி. நீ செத்திருந்தால் நானும் பாதி செத்திருப்பேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இனி சொல்லப்போவது உனக்குக் கசக்கும்.

புக்கிட் பெலண்டோக் வீட்டுக்கு நான் போகவில்லை. மெஹர்பானு அக்காவுக்குத் தெரிந்த தனலெட்சுமி என்பவர் சுவாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார். அங்கே இருக்கிறோம். ஷாமினிக்கு முழங்கையில் தையல் போட்டார்கள், ஆறி வருகிறது. இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டேன். கூட்டிப் பெருக்கி, காய் நறுக்கி, மூன்று வேளையும் சாப்பிடுகிறோம்.

எத்தனையோ வருஷம் நாலு சுவருக்குள் வைத்து அவன் என்னை அடித்தான். தோட்டமே கேட்டது, ஒருவரும் வரவில்லை. உன்னை ரோட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் அடித்தான், உடனே வந்து பிடித்துப்போனார்கள். நீ அடி வாங்கியதால்தான் நான் வெளியே வந்தேன் என்பது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன், மறக்கவும் மாட்டேன். ஆனால் என்னை வெளியே கொண்டுவர நீ அங்கே போகவில்லை. கொல்லப் போனாய். நான் கேட்டது கொஞ்ச நாள். நீ எனக்குக் கொடுத்தது சனிக்கிழமை.

போலீஸ் என்னிடமும் கேட்டார்கள், உன் தம்பி அவன்மேல் பகை வைத்திருந்தானா என்று. லாரியை முந்தத்தான் போயிருப்பான் என்று சொன்னேன். அந்தப் பொய்யை உனக்காக ஒரு தரம் சொல்லிவிட்டேன். இரண்டாம் தரம் என்னைச் சொல்லவைக்காதே.

இப்போது ஷாமினியைப் பற்றி. அப்பா உதைத்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. கடையில் ஒரு நாள் தட்டு துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள். "அம்மா, நான் மாமாவுக்குக் கை காட்டினேன். மாமா ஏன் சிரிக்கல?"

அவள் பார்த்தது உன் காரை மட்டும் இல்லை சீலா. உன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தை அவள் வீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகியவள், அது என்னவென்று அவளுக்குத் தெரியும். நான் என்ன பதில் சொல்ல? மாமாவுக்கு ரோடு வழுக்கியது என்று அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. கடை வாசலில் ஒரு கார் வேகம் குறைத்தால்கூட எழுந்து பின்னால் போய்விடுகிறாள்.

ஒரு ஆம்பளையின் லாரிச் சத்தத்தை வைத்து அவன் குடித்திருக்கிறானா இல்லையா என்று கணித்துக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். இனி இன்னொரு வண்டியின் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது, அது என் தம்பியின் வண்டியாக இருந்தாலும் சரி. அவனுக்குப் பயந்தேன். இப்போது உனக்கும் கொஞ்சம் பயப்படுகிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

அந்த எஞ்சினை வேறு உடம்பில் ஏற்றுவதானால் ஏற்று. அது உன் இஷ்டம், உன் உழைப்பு. ஆனால் அதில் ஏறி இங்கே வராதே. என் பிள்ளை அதில் பள்ளிக்குப் போகமாட்டாள்.

வரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டைப் பிரித்து, கம்பியைக் கழற்றி, நடக்க முடிகிற அன்றைக்கு வா. பகலில், பஸ்ஸில் வா. இறங்கியதும் எதிரிலேயே கடை தெரியும். பள்ளி விட்டு வந்தால் அவள் வாசல் மேசையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். உன்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனால் பின்னாலேயே போகாதே, வெளியே நில். நிமிர்ந்து பார்த்தாளானால், முதலில் நீ கை காட்டு.

மோகனா